திரையில் தெரியுமோ நாடித் துடிப்பு?

கன்னிவாடிக் கடைவீதியில் நின்று தலையை நிமிர்த்தினால் போதும். பழனி மலைத்தொடர் கண்ணை நிறைக்கும். மேலே பன்றிமலை, ஆடலூர். இன்னும் உள்ளே சென்றால் தாண்டிக்குடி, பாச்சலூர். அங்கே மிளகு விளைகிறது, காப்பி விளைகிறது, மலைவாழை விளைகிறது. விளைந்ததெல்லாம் கீழே இறங்கி விலையாகிறது. நோய் கண்ட மனிதரும் அப்படியே கீழே இறங்கியாக வேண்டும்! பாதை உள்ள ஊரார் வண்டியேறி வருகின்றனர். நெடுங்காலம் பாதை எட்டாதிருந்த ஊரார் — கொடைக்கானல் வட்டத்து வெள்ளகவியை எண்ணிப் பாருங்கள் — கர்ப்பிணியையும் கிழவனையும் டோலி கட்டித் தோளிலே சுமந்த கதையை நாளேடுகள் எழுதி எழுதி ஓய்ந்துவிட்டன.

எவரை நம்பி அந்த மலை இரவிலே கண்ணயர்கிறது? பெரிய மருத்துவரை நம்பியா? அவர் நகரத்தில் இருக்கிறார்! அடுக்குமாடி மருத்துவமனையை நம்பியா? அது மதுரையில் இருக்கிறது! வெள்ளைச் சேலையோ, நீலச் சேலையோ, எளிய சுடிதாரோ அணிந்து, கையிலே பையுடன், மேடும் பள்ளமும் ஏறி இறங்கி வருகிறாரே அந்தச் செவிலியர், அவரை நம்பி! 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பின்னர், இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மருந்து வீட்டு வாயிலுக்கு வருகிறது. மருந்து தானாக நடந்து வருவதில்லை. கொண்டு வரும் கால்கள் பெண்களின் கால்கள்.

அந்தச் செவிலியரை உருவாக்கும் கல்வி எப்படி நடைபெற வேண்டும் என்பது குறித்து இன்று ஒரு வழக்கு. பட்டிமன்றத் தலைப்பைப் போலக் கேட்கின்றனர்: நர்சிங் படிப்புக்கு ஏற்றது இணையவழி வகுப்பா, வகுப்பறை விரிவுரையா? இணைய அணியினர், "உலகமே உள்ளங்கைக்குள் வந்துவிட்டது, இன்னும் ஏன் கரும்பலகை?" என்று முழங்குகின்றனர். வகுப்பறை அணியினர், "ஆசிரியர் முகம் காணாத கல்வி ஒரு கல்வியா?" என்று பெருமூச்செறிகின்றனர். இரண்டு பக்கமும் கைத்தட்டல்! நடுவர் நாற்காலியில் அமர்ந்து, "இதுவும் நன்று, அதுவும் நன்று" என்று தீர்ப்புச் சொல்லிப் பொன்னாடை பெற்றுச் செல்ல எனக்கு விருப்பமில்லை. தலைப்பே தவறு என்கிறேன்.

தலைப்பு எப்படிப் பிறந்தது என்பதை முதலில் பார்ப்போம். 2020 மார்ச்சுத் திங்களில் நாடு முழுவதும் கதவடைத்தது. நர்சிங் கல்லூரிகளும் மூடின; விடுதிகள் காலியாயின; மாணவியர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினர். பிறகு பாடம் செல்பேசிக்குள் புகுந்தது. வீட்டுக்கு ஒரு செல்பேசி. அதுவும் தந்தையின் சட்டைப் பையிலே! அவர் தோட்டத்திலிருந்து திரும்பினால்தான் மகளுக்கு உடலியல் பாடம். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி; அதைத் தம்பிக்கும் தங்கைக்கும் பங்கு போட்டாக வேண்டும். மலையூர்களில் சிக்னலைத் தேடிப் பாறை மீதும் மரத்தின் மீதும் மாணவர்கள் ஏறி அமர்ந்திருந்த படங்களை அவ்விரண்டு ஆண்டுகளில் நாம் பத்திரிகைகளிலே கண்டோம். "ஆகா, என்னே ஆர்வம்!" என்று பாராட்டியவர்களும் உண்டு. பாறை மேல் ஏறுவது ஆர்வம்தான். ஏற வைத்தது எது என்று கேட்டோர் சிலரே.

காட்சியாக எழுதிப் பார்க்கிறேன். நாடகக்காரனுக்கு அது பழகிய வழி. இடம்: ஒரு நர்சிங் கல்லூரியின் அலுவலக அறை. எந்தக் கல்லூரி என்று தேட வேண்டாம். என் கற்பனையில் கட்டிய கல்லூரி, கட்டடச் செலவு கிடையாது! பாத்திரங்கள்: தாளாளர், மலைத்தோட்டத்துக் கூலியாள், அவர் மகள்.

தாளாளர்: கல்லூரி மூடியிருந்ததே தவிரப் படிப்பு ஒரு நாளும் நிற்கவில்லை. எல்லா வகுப்பும் ஆன்லைனில் நடந்துவிட்டது.

தந்தை: ஆமாங்கய்யா. பாப்பா பாறை மேல உக்காந்து கேட்டுச்சு. மழ வந்தா எறங்கிரும்.

தாளாளர்: வருகைப் பதிவு எண்பது சதவிகிதத்துக்கு மேல் இருக்கிறதே!

மகள்: பேரு சொன்னதும் லைன் போயிரும் சார்.

தாளாளர்: அதற்குத்தான் பாடத்தைப் பிடிஎஃப் ஆக அனுப்பினோம். சரி, கட்டணப் பாக்கி…

தந்தை: கட்டிர்றேங்கய்யா. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். ஊசி போட இவ எங்கிட்டுக் கத்துக்கிட்டா?

தாளாளர்: வீடியோ அனுப்பியிருக்கிறோம்.

தந்தை: அப்ப ஊசி போட்டுக்கிற ஆளும் வீடியோவுலயே இருப்பானாங்கய்யா?

திரை விழட்டும்! சிரித்தவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். 2021 மே 3ஆம் நாள், பெருந்தொற்றின் இரண்டாம் அலை உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது, பி.எஸ்சி. நர்சிங்கும் டிப்ளமா நர்சிங்கும் முடித்தவர்களை முழுநேரக் கொரோனாப் பணியில் ஈடுபடுத்தலாம் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. ஆக்சிஜன் குழாயும் மூச்சுத் திணறலுமாகக் கிடந்த வார்டுக்குள் அவர்கள் சென்றனர். அஞ்சாது சென்றனர், அவர்களை வணங்குகிறேன். ஆனால், இறுதியாண்டில் வார்டை மிதிக்காமல் பாறையிலே கழித்த ஒருத்தியை, முதன்முதலாக அந்த வார்டிலே நிறுத்திய பொறுப்பு எவருடையது?

இதைப் படித்து வகுப்பறை அணியினர் கைதட்டத் தொடங்கியிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள், ஐயா! உங்கள் வகுப்பறையில் என்ன நடக்கிறது? அறுபது பேர் உட்கார்ந்திருக்கின்றனர். ஆசிரியை ஆங்கிலத்தில் ஒரு குறிப்பேட்டிலிருந்து வாசிக்கிறார், மாணவியர் எழுதுகின்றனர். அவர் தம் ஆசிரியையிடம் எழுதிய குறிப்பு அது. அந்த ஆசிரியை தம் ஆசிரியையிடம் எழுதியது! குருபரம்பரை என்பது இதுதான் போலும்! பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலே படித்து, மதிப்பெண்ணை அள்ளிக்கொண்டு வந்த மலையூர்ப் பெண், நான்காம் வரிசையில் அமர்ந்து, 'எடிமா' என்றால் வீக்கம் என்பதைப் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்கவும் கூசி, காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதிக்கொள்கிறாள். அவளுக்கு அது விளங்கியதா என்று கேட்பார் இல்லை. மணி அடிக்கிறது, விரிவுரை முடிந்தது, கேட்டது கேட்டதுதான், தவறியது தவறியதுதான்.

கல்லூரியைப் பாதியில் விட்டு மேடைக்கு ஓடி வந்தவன் நான். மஞ்சள் பூத்த அந்தக் குறிப்பேடுகளை நானும் கண்டவன். ஆகவே, வகுப்பறையைக் கோயிலாக்கி எவரேனும் கற்பூரம் காட்டினால், கன்னத்திலே போட்டுக்கொள்ள என்னால் இயலாது.

அந்த நான்காம் வரிசைப் பெண்ணின் பக்கம் நின்று பாருங்கள். பதிவு செய்யப்பட்ட பாடம் அவளுக்கு ஒரு வரம்! புரியவில்லையா, நிறுத்தலாம். மறந்துவிட்டதா, பின்னுக்கு நகர்த்தி மீண்டும் கேட்கலாம். மூன்று முறை கேட்டாலும் முகம் சுளிக்காத ஆசிரியர் அந்தச் செல்பேசி. ஆங்கிலக் கலைச்சொல்லைச் சொல்லி, உடனே தமிழிலே விளக்கும் பாடம் கிடைத்துவிட்டால், முதல் வரிசைக்கும் நான்காம் வரிசைக்கும் உள்ள தூரம் பாதியாகக் குறையும்.

ஆய்வு என்ன கூறுகிறது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 2018ஆம் ஆண்டில் ஒரு தொகுப்பை வெளியிட்டது. மருத்துவர், செவிலியர் போன்றோர் இணையவழி கற்றதையும் வழக்கமான முறையில் கற்றதையும் ஒப்பிட்ட 16 சோதனைகள். அவற்றில் பங்கேற்றோர் 5,600க்கும் மேற்பட்டோர். முடிவு? இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு ஏதும் தென்படவில்லை! இணைய அணி வென்றதாகவும் இல்லை, வகுப்பறை அணி தோற்றதாகவும் இல்லை. எனக்கு அதில் வியப்பு ஏதுமில்லை. சொல்லைக் காதால் கேட்பது எங்கே நிகழ்ந்தால் என்ன? மேடைப் பேச்சை மைதானத்தில் கேட்டாலும் வானொலியில் கேட்டாலும் சொல் ஒன்றே. அதனால்தான் தலைப்புத் தவறு என்றேன். இருதரப்பாரும் விரிவுரை கேட்கும் நாற்காலியை எங்கே போடுவது என்று வாதிடுகின்றனர். நர்சிங்கோ நாற்காலியில் அமர்ந்து கற்கும் கலையே இல்லை!

ஒரு பிரசவ அறையை எண்ணுங்கள். குழந்தை பிறந்தாயிற்று, அழுதும் ஆயிற்று, வெளியே சர்க்கரை வழங்குகிறார்கள். உள்ளே செவிலியர் ஒருவர் தாயின் அடிவயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்க்கிறார். எதற்காக? குழந்தையை ஈன்ற கருப்பை சுருங்கி இறுக வேண்டும். கைக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் அச்சமில்லை. பிசைந்த மாவைப் போல் தளர்ந்து கிடந்தால், உள்ளே குருதிக் குழாய்கள் திறந்தே இருக்கின்றன என்று பொருள். கொட்டத் தொடங்கினால் நிமிடக் கணக்கில் உயிர் போகும். உலகெங்கும் தாய்மாரைக் கொல்லும் காரணங்களில் முதல் வரிசையில் நிற்பது பேற்றுக்குப் பின் வரும் இந்தக் குருதிப் பெருக்கே. கெட்டி எது, தளர்ச்சி எது என்பதைப் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம், படம் போடலாம், திரையில் வண்ண வண்ணமாக அசைத்தும் காட்டலாம். ஆனால் கைக்கு எப்போது தெரியும்? பத்துத் தாய்மாரைத் தொட்டுப் பார்த்த பிறகு, "இது போதாது அக்கா, இன்னும் இறுகலை" என்று அந்தக் கையே சொல்லும். கன்னிவாடியிலிருந்து மலையேறிய ஓர் ஊரில், ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை, அந்தத் தாய்க்கும் சாவுக்கும் நடுவே நிற்பது அந்தக் கை ஒன்றுதான்.

இன்னும் சொல்லவா? எண்பது வயதுப் பாட்டியின் காகிதம் போன்ற தோலின் கீழே, தொட்டால் நழுவும் நரம்பைப் பிடித்து வென்ஃப்ளான் ஏற்ற வேண்டும். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கனத்த மனிதரைப் புண் வராமல், அவருக்கும் வலிக்காமல், தன் இடுப்பும் பிடித்துக்கொள்ளாமல் இரண்டு மணிக்கொரு முறை புரட்ட வேண்டும். பிபி பார்க்கும்போது, காற்று இறங்க இறங்க, எங்கே ஒலி தொடங்கியது, எங்கே அடங்கியது என்று இரைச்சலான வார்டிலே காது கூர்மையாக வேண்டும். "ஒண்ணுமில்லை ஆத்தா, நான் இருக்கேன்" என்று எந்த நேரத்தில் சொல்வது, எந்த நேரத்தில் வாய் பேசாமல் கையைப் பற்றிக்கொள்வது என்பதும் அதில் சேரும்.

நாடகத்தில் இதற்கு ஒத்திகை என்று பெயர். வசனத்தை வீட்டிலே மனப்பாடம் செய், பேருந்திலே செய், குளிக்கும்போது செய், எனக்குக் கவலையில்லை. ஒத்திகைக்கு மட்டும் வந்தே ஆக வேண்டும்! எதிரே நிற்பவன் தவறான இடத்தில் நின்றால் என்ன செய்வது, வாள் உறையிலிருந்து வராவிட்டால் எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் அங்கேதான் கிட்டும். பழைய பாய்ஸ் கம்பெனிகளில் வாத்தியார் பிரம்போடு நின்றதும் ஒத்திகையில்தான். வசனம் கேட்பதற்காக நடிகர்களைக் கூட்டி வைத்து, ஒத்திகையை வீட்டிலே பார்த்துக்கொள்ளச் சொல்லும் நாடகக் கம்பெனி எத்தனை நாள் நடக்கும்? நர்சிங் கல்வியில் நாம் செய்வது பெரும்பாலும் அதுதான்!

இதை நன்கு உணர்ந்தவர் புளோரன்சு நைட்டிங்கேல் அம்மையார். இந்தியாவுக்கு ஒரு முறையேனும் அவர் வந்ததில்லை. ஆனால், இலண்டன் அறையிலே இருந்துகொண்டு, கடிதங்களாலும் அறிக்கைகளாலும், இந்தியப் படைமுகாம்களின் குடிநீரையும் சாக்கடையையும் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதிக் குவித்தார். தொலைவிலிருந்து கற்பிப்பதன் வலிமையை அவரைவிட அறிந்தவர் யார்? அத்தகையவர் 1860இல் செவிலியர்களுக்குப் பள்ளி அமைத்தபோது அதை எங்கே அமைத்தார்? அஞ்சல் வழியிலா? இலண்டன் புனித தாமசு மருத்துவமனையின் உள்ளே!

நம் நாட்டுக் கதையும் அதுவே. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். செவிலியர் பயிற்சி 1909இல் வந்தது. நர்சிங் பட்டப்படிப்பு 1946இல் வந்தது. படுக்கை முன்னே, பட்டம் பின்னே! நம் மாவட்டத்திலும் அவ்வாறே. 1947இல் டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமத்தில், கஸ்தூரிபா மருத்துவமனையின் நிழலில்தான் கிராமத்துப் பெண்கள் துணைச் செவிலியராகப் பழகினர். கன்னிவாடிக்கு அருகே ஒட்டன்சத்திரத்தில் 1955இல் எழுந்த கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும், நோயாளிகளைக் கொண்ட பிறகே மாணவியரைக் கொண்டது. இன்று சில இடங்களில் வரிசை தலைகீழ்! முதலில் வளைவு கட்டுகின்றனர். பிறகு பேருந்து வாங்குகின்றனர். பிறகு மாணவியரைச் சேர்க்கின்றனர். மருத்துவமனை எங்கே என்றால் தாளிலே காட்டுகின்றனர்.

இத்தகையோர் கையில் இணையவழிக் கல்வி சிக்கினால் என்னவாகும் என்பதே என் அச்சம். ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைக்கலாம். வகுப்பறை வாடகை மிச்சம். ஒருமுறை பதிவு செய்த பாடத்தை ஆண்டுதோறும் விற்கலாம். 'டிஜிட்டல் வளாகம்' என்று விளம்பரமும் போடலாம்! சட்டம் இன்று முன்வாயிலை அடைத்துத்தான் வைத்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாத படிப்புகளின் வரிசையில் நர்சிங்கும் உண்டு. 2025இல் துணை மருத்துவப் படிப்புகள் பலவற்றுக்கும் அந்தத் தடை வந்தது. நல்லது. ஆனால் பட்டம் இணையவழியில் இல்லை என்று சொல்லிவிட்டு, உள்ளே பாதிப் பாடத்தை இணையத்துக்குத் தள்ளி, மிச்சமான நேரத்தை வார்டுக்குத் தராமல் விழுங்கிவிட்டால், அதைப் பிடிக்கும் வலை எங்கே?

"வார்டே வேண்டியதில்லை, பொம்மை போதும், அமெரிக்காவிலேயே நிரூபித்துவிட்டார்கள்" என்று இன்னொரு வாதமும் வருகிறது. அமெரிக்காவின் பெயரைச் சொன்னால் நாம் வாயடைத்துப் போவோம் என்று நினைப்பு! என்ன நிரூபித்தார்கள் என்பதைப் படித்துப் பார்த்தேன். 2014இல் வெளியான ஆய்வு. பத்து நர்சிங் பள்ளிகள், அறுநூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள். வார்டில் கழிக்க வேண்டிய நேரத்தில் பாதி வரை, மனித உருவப் பொம்மைகளை வைத்து நோயாளி அறையைப் போலவே அமைத்த ஒத்திகைக் கூடத்தில் கழித்தவர்களும், தேர்விலும் பணியிலும் மற்றவர்களுக்குக் குறைந்து போகவில்லை. மெய்தான். ஆனால் அந்தக் கூடத்தில் தேர்ந்த ஆசிரியர் உடன் நின்றார். ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் எங்கே கை பிசகியது என்று உட்கார்ந்து பேசினார். மறுபாதி நேரம் மெய்யான வார்டிலேயே கழிந்தது. ஆக, அது ஒத்திகைக்குக் கிடைத்த வெற்றி. செல்பேசித் திரைக்கு அதில் பங்கில்லை. நம் கல்லூரிகள் பலவற்றில் 'ஸ்கில் லேப்' பொம்மையோ, பாலித்தீன் உறை கிழியாமல், ஆய்வுக் குழு வரும் நாளுக்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் தவம் கிடக்கிறது!

வார்டுக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நான் சொல்லவில்லை. ஒரு கட்டிலைச் சுற்றி இருபது பேரை நிறுத்தினால் நோயாளிக்கு மூச்சு முட்டுமே தவிர, எவளுக்கும் எதுவும் தெரியாது. சில மருத்துவமனைகளில் மாணவி என்றால் சம்பளம் இல்லாத வேலையாள்: கோப்பைத் தூக்கு, விரிப்பை மாற்று, மருந்துக் கடைக்கு ஓடு! மூன்று ஆண்டு ஓடிய பின் சான்றிதழ். கட்டிலருகே கற்பிக்க ஆசிரியர் இருந்தால்தான் அது பள்ளி. இல்லையேல் அது கூலியில்லாத கூலி.

ஆகவே என் கட்சி இது. விரிவுரையைத் தாராளமாகச் செல்பேசிக்குக் கொடுத்துவிடுங்கள்! அதை மீட்க வேண்டும் என்று நான் அழவில்லை. ஒரே பாடத்தை நூறு கல்லூரிகளில் நூறு ஆசிரியைகள் தொண்டை வறள வாசிக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் செவிலியர் கல்லூரிகளிலும் உள்ள தலைசிறந்த ஆசிரியர்கள், ஆங்கிலச் சொல்லும் தமிழ் விளக்கமுமாக, ஒருமுறை அழகாகப் பேசிப் பதிவு செய்யட்டும், இலவசமாகத் தரட்டும், ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத ஊரிலும் ஓடும்படி தரட்டும். 2022 செப்டம்பர் 5 முதல் 'புதுமைப் பெண்' திட்டத்தில், அரசுப் பள்ளியில் பயின்ற மாணவிக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்தப் பணம் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் ஆகட்டும். இணையக் கம்பெனிக்குப் போக வேண்டாம். விரிவுரையால் மிச்சமான ஒவ்வொரு மணியையும், அந்த ஆசிரியையையும் சேர்த்து, வார்டுக்கு அனுப்புங்கள். இதுதான் பேரம். ஒரு கையால் விரிவுரையைத் தருகிறோம்; மறு கையால் கட்டிலருகே நேரத்தைப் பெறுகிறோம். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும் கல்லூரியைப் பிடரியில் பிடித்து நிறுத்த வேண்டியது அரசின் வேலை.

கன்னிவாடிக்கு என்று தனியே ஒன்று கேட்கிறேன். மலைக்கும் சமவெளிக்கும் நடுவே, மலைப் பெண்கள் விடுமுறைக்கு இறங்கி ஏறும் வழியில் இருக்கும் ஊர் இது. இங்கே ஓர் அறை போதும். இணைய இணைப்பு, பாடங்கள் நிறைந்த ஒரு கணினி, ஊசி பழக ஒரு பொம்மைக் கை, பிரசவம் பழக ஒரு பொம்மை, பழுதில்லாத இரண்டு பிபி கருவிகள். மாலை நேரத்தில், பணி நிறைவு பெற்ற மூத்த செவிலியர் ஒருவர், மதிப்பூதியத்தோடு. மாணவியர் வரட்டும், பத்தாண்டுக்கு முன் படித்து, மலையில் பணியாற்றும் செவிலியரும் புதிய முறைகளைக் கற்க வரட்டும். 2022 சனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கிருந்து இங்கே வாரம் ஒருமுறை ஆசிரியர் ஒருவர் வந்து போவது கடல் தாண்டும் பயணம் இல்லை.

கல்லூரிகளுக்கும் ஒரு கட்டளை வேண்டும். வாயிற்கதவின் அருகே, கட்டட வளைவைவிடப் பெரிய எழுத்தில் தமிழிலே எழுதி வைக்கட்டும்: எங்கள் மாணவியர் பயிலும் மருத்துவமனை எது, அதில் நாள்தோறும் நோயாளிகள் எத்தனை பேர், ஒரு மாணவி ஆண்டுக்கு எத்தனை மணி அங்கே நிற்கிறாள், கட்டிலருகே அவளோடு நிற்கும் ஆசிரியர் எத்தனை பேர். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பன்றிமலையிலிருந்து இறங்கி வரும் தந்தை, பணம் கட்டும் சன்னலுக்குப் போகும் முன் அதைப் படித்துப் பார்க்கட்டும்.